மலையில்லாக் கரையில் மலைப்படம்

கட்புலக் கலை பயிலும் மாணவர்க்கு ஒப்படைகள் பல தரப்படுகின்றன. சுவரொட்டி வரைக, நூலுக்கு மேலட்டை அமைக்க, செய்திப்படம் ஒன்றை ஆராய்க என்பன அவற்றுட் சில. வரைந்ததை ஆசிரியரிடம் கொடுக்கின்றோம். அவர் புள்ளி இடுகின்றார். அத்துடன் அப்படத்தின் வாழ்வு முடிந்துவிடுகின்றது. யாருடைய கண்ணுக்காக அது வரையப்பட்டதோ, அவர் அதனைக் காண்பதேயில்லை. இது சிறு குறையன்று என்பதை அண்மையில் ஓர் ஒப்படையின் வாயிலாக உணர்ந்தேன்.

ஆழிப்பேரலை வேளையிற் கரையோர மக்களுக்கு வழிகாட்டும் குறிப்பலகை ஒன்றை அமைக்குமாறு எமக்குப் பணிக்கப்பட்டது. மட்டக்களப்பில் இதன் தேவையை எவர்க்கும் விளக்க வேண்டியதில்லை. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் சுமாத்திராவுக்கு அப்பால் எழுந்த அலை, ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் எமது கரையை அடைந்தது. இலங்கையில் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். கல்லடியும் நாவலடியும் அன்று பட்ட துயரை நினைவுத் தூண்கள் இன்றும் சொல்லி நிற்கின்றன. என் வகுப்பினர் அன்று கைக்குழந்தைகள், சிலர் பிறக்கவேயில்லை.

உலகின் பல கரைகளில் வழங்கும் குறிப்படம் ஒன்றுண்டு: திரண்டெழும் அலை, அதன் முன்னே மேட்டுச் சரிவில் ஏறி ஓடும் மனித உருவம். அதனை முன்மாதிரியாகக் கொண்டு கணினியில் நீலமும் வெள்ளையுமாகத் துப்புரவாக அமைத்தேன். வகுப்பிற் பாராட்டுக் கிடைத்தது. புள்ளியும் குறைவின்றிக் கிடைத்தது.

பின்னொரு நாள் நாவலடிக் கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் அப்படத்தைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். பின்னர், “வடிவாத்தான் கீறியிருக்கிறாய். இந்த மலை எங்க மனே இருக்கு?” என்று கேட்டார்.

நான் விடையின்றி நின்றேன். நாவலடியின் கிழக்கே கடல், மேற்கே வாவி. இடைப்பட்டது மணற்றிட்டு. குடும்பிமலையோ உள்நாட்டில் வெகு தொலைவிலுள்ளது. கடலுக்கு முதுகு காட்டி நேரே ஓடுபவன் வாவியிலேதான் விழுவான். வீதிவழியே தெற்கு நோக்கிச் சென்று கல்லடிப் பாலத்தைக் கடந்தாற்றான் அக்கரை சேரலாம். 1924இல் அமைந்த பழைய பாலமும் 2013இல் திறக்கப்பட்ட புதிய பாலமும் அருகருகே நிற்கும் அவ்விடமே அம்மக்களின் மனத்திலுள்ள மலை. நாள்தோறும் அப்பாலத்தைக் கடக்கும் எனக்கு, வரையும்போது மட்டும் அது ஏன் தோன்றவில்லை?

என் நண்பர் ஒருவரின் படமும் இத்தகையதே. கடல் உள்வாங்குவதை அபாயக் குறியாக அவர் அழகுற வரைந்திருந்தார். அன்று தாய்லாந்துக் கரையில் நிகழ்ந்தது அதுவே. ஆனால், கடற்றரையின் ஒரு பகுதி உயர்ந்து மறு பகுதி தாழ்ந்தமையால், சுமாத்திராவுக்குக் கிழக்கே முதலில் வற்றமும் மேற்கேயுள்ள எமது பக்கத்தில் முதலில் ஏற்றமும் சென்றன. கடல் வற்றட்டும் எனக் காத்திருப்பவனுக்கு எமது கரையில் எச்சரிக்கையே கிடையாமற் போகலாம். ஆகவே, பிறநாட்டுப் படத்தைப் பெயர்த்தெழுதுவதால் வரும் பிழை அழகு பற்றியது மட்டுமன்று, உயிர் பற்றியதுமாகும்.

இதனால் உலகப் பொதுக் குறிகளை இகழவேண்டும் என்பது என் கருத்தன்று. வியன்னா நகரில் 1920களில் ஓட்டோ நொய்ராத் என்னும் அறிஞர், எழுத்தறியாதாரும் உணரத்தக்க படமொழி ஒன்றை உருவாக்க முயன்றார். அம்முயற்சியின் பயனை இன்று உலகமே துய்க்கின்றது. பாசிக்குடாவுக்கு வரும் வேற்று நாட்டவர்க்கும் எமது பலகை விளங்கவேண்டுமன்றோ? அலையும் ஓடும் உருவமும் அப்படியே இருக்கட்டும். ஓடிச் சேருமிடம் மட்டும் எமதாக இருத்தல் வேண்டும்.

இப்பாடத்தை எமது கூத்துக் கலைஞர் முன்னரே அறிந்திருந்தனர். வட்டக்களரியில் மக்கள் நாற்புறமும் சூழ்ந்திருப்பர். ஆதலால் உடையும் முடியும் ஆட்டமும் எத்திசைக்கும் பொருந்துமாறு அமைந்தன. 1960களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அக்கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்தபோது, காண்போர் ஒருபுறம் மட்டுமே இருந்தமையால் ஆடல் ஒழுங்கையும் மாற்ற நேர்ந்தது. காண்பவர் இருக்குமிடமே கலையின் வடிவை வகுக்கின்றது.

அலகையை மீண்டும் வரைந்தேன். ஒருபுறம் கடல், மறுபுறம் வாவி, இடையே வீதி, அதன் முடிவிற் பாலம். முன்னையதைவிட அழகிற் சற்றுக் குறைந்ததுதான். ஆயினும் முதியவர் அதனைக் கண்டதும் பாலமிருக்கும் திசைக்குக் கைநீட்டினார். அருகில் நின்ற பள்ளிச் சிறுமியோ, “பாலத்துக்கு எவ்வளவு தூரம்?” என்றாள். தூரத்தையும் சேர்த்தேன். எவ்வழியாற் செல்வதென்று விதிப்பது அனர்த்த முகாமைத்துவ அதிகாரிகளின் பொறுப்பு. அவர்கள் விதித்ததை மக்களின் கண்ணுக்குப் புலப்படுத்துவது எமது பொறுப்பு.

ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு விண்ணப்பம். ஒப்படைக்குரிய புள்ளிகளில் ஒரு பகுதியையேனும், மாணவன் தன் படத்தை வீதியில் ஐவரிடம் காட்டி அவர்கள் கூறியதை எழுதிவருவதற்கு ஒதுக்குங்கள். சக மாணவர்க்கும் ஒன்று சொல்வேன்: கணினியைத் திறக்குமுன் ஒருமுறை கரைக்குச் சென்று வாருங்கள். நான் காலந்தாழ்த்திச் சென்றேன். நல்வேளையாக அது வெறும் ஒப்படையாகவே இருந்தது.