ஞாயிற்றுக்கிழமை அங்கே கோல்ஃப் கிடையாது

"கோல்ஃப் ஆடப்போறியா? நீயுமாடா?" என்றான் நண்பன். வாட்ஸப் அழைப்பில் முகம் தெரியவில்லை என்றாலும் உதட்டைச் சுழித்திருப்பான் என்று தெரியும். கல்லூரியில் ஒரே அறையில் இருந்தவர்கள் நாங்கள். நிலத்தைப் பற்றி எனக்கு முதல் புத்தகம் கொடுத்தவன் அவன்தான். "நாலு பேரு நடக்க நூறு ஏக்கர் புல்லுக்குத் தண்ணி ஊத்துற விளையாட்டுடா அது" என்றான்.

அவன் சொன்னதில் பொய் இல்லை. சென்னையில் எங்கள் இருவருக்கும் கோல்ஃப் என்பது சுற்றுச்சுவருக்கு மேலே தெரிந்த மரங்களும் வாசலில் நின்ற காவலாளியும்தான். இருந்தாலும் இந்தக் கட்டுரையை அவனோடு சண்டை போடத்தான் எழுதுகிறேன். அவன் எதிர்ப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும் ஆட்களோடும் சேர்த்து.

வேலைக்காக ஸ்காட்லாந்தின் டண்டீ நகருக்கு வந்தவன் நான். டே ஆற்றுப் பாலத்தைத் தாண்டிக் கொஞ்ச நேரம் பேருந்தில் போனால் செயின்ட் ஆண்ட்ரூஸ். முதல்முறை நான் அங்கே போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. உலகத்து கோல்ஃப் ஆட்டக்காரர்கள் எல்லாம் புண்ணியத்தலம்போலப் பேசும் ஓல்ட் கோர்ஸைப் பார்க்க வேண்டும் என்று போனேன். சுவரையும் காவலாளியையும் எதிர்பார்த்துப் போனவனுக்கு இரண்டும் கிடைக்கவில்லை. இருந்தது ஒரு தாழ்வான தடுப்பு. அதன் இடைவெளி வழியாக ஊர்ச் சாலை ஒன்று முதல் குழிக்கும் பதினெட்டாம் குழிக்கும் உரிய புல்வெளியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனது. வெளியில் ஒரு பாட்டி நாய்க்குப் பந்து வீசிக்கொண்டிருந்தார். இரண்டு பையன்கள் உருண்டு புரண்டுகொண்டிருந்தார்கள். விசாரித்தால், ஞாயிறு கோல்ஃப் கிடையாதாம். பெரிய போட்டிகள் நடக்கும்போது தவிர, வாரத்தில் ஒருநாள் அது ஊர்ப் பூங்கா.

அன்றைக்குத்தான் எனக்குள் ஏதோ இடறியது.

லிங்க்ஸ் என்ற சொல் மேட்டைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. கடலுக்கும் உழவு நிலத்துக்கும் நடுவே கிடக்கும் மணல்மேட்டு நிலம். உப்புக்காற்றில் பயிர் விளையாது. ஆடு மேயும், முயல் வளை தோண்டும். நம் வருவாய்த்துறை மொழியில் சொன்னால் மேய்க்கால் புறம்போக்கு. 'புறம்போக்கு' என்பதை நாம் வசவாக்கிவிட்டோம். அந்தப் புறம்போக்கில்தான் இந்த ஆட்டம் வளர்ந்தது. ஆடு மேய்ந்து குட்டையாக்கிய புல்தான் முதல் மைதானம். காற்றுக்கு ஒதுங்கி ஆடுகள் படுத்த பள்ளங்களே மணற்குழிகள் ஆயின என்று ஊரில் சொல்வார்கள்.

1457இல் ஸ்காட்லாந்தின் பாராளுமன்றம் கால்பந்தோடு சேர்த்து கோல்ஃபையும் தடை செய்தது. ஆட்கள் வில் பயிற்சியை விட்டுவிட்டு இதை ஆடப்போனார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. நாலு பிரபுக்கள் மட்டும் ஆடும் ஆட்டத்துக்கு இப்படி ஒரு தடை தேவைப்பட்டிருக்குமா? 1552இல் பேராயர் ஹாமில்டன் கொடுத்த ஆவணம், லிங்க்ஸில் ஆட ஊர்மக்களுக்கு உரிமை உண்டு என்று ஒப்புக்கொண்டது. 1797இல் கடனில் மூழ்கிய நகரமன்றம் அந்த நிலத்தைக் கைமாற்றிவிட்டது. வந்தவர்கள் முயல் வளர்த்தார்கள். ஊருக்கும் முயல்காரர்களுக்கும் நீதிமன்றம் வரை சண்டை. 1821இல் ஜேம்ஸ் சீப் என்ற நிலக்கிழார் வாங்கிய பிறகே அது அடங்கியது. 1894இல் பாராளுமன்றச் சட்டத்தின் வழியாக நிலம் நகரத்தின் கைக்கு வந்தது. 1974இலிருந்து அதை நிர்வகிப்பது ஓர் அறக்கட்டளை. முதல் குழிக்குப் பின்னால் கோட்டைபோல நிற்கும் ஆர் அண்ட் ஏ கிளப் கட்டடத்தைப் பார்த்து மைதானமே அவர்களுடையது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அந்த கிளப் நிலத்துக்கு அண்டைவீடு, அவ்வளவுதான்.

சரி, நான் ஆடியதைச் சொல்கிறேன். ஆடக் கற்றது நகராட்சி மைதானத்தில், பழைய பொருள் கடையில் வாங்கிய ஏழு மட்டைகளோடு. ஓல்ட் கோர்ஸில் ஆட இரண்டு நாள் முன்னதாகக் குலுக்கலுக்குப் பெயர் கொடுக்க வேண்டும். கோடையில் ஒரு சுற்றுக்குக் கட்டணம் 300 பவுண்டுக்கு மேல். எனக்குக் கட்டுப்படியாகாது. குளிர்காலத்தில் வெகுவாகக் குறையும் என்பதால் நவம்பர் கடைசியில் போனேன். அந்த மாதங்களில் புல்லைக் காப்பாற்ற, ஒரு சின்னப் பாய்த்துண்டைக் கையோடு கொடுத்துவிடுவார்கள். ஃபேர்வே புல்வெளியில் ஒவ்வொரு அடிக்கும் அதை விரித்து, அதன்மேல் பந்தை வைத்து அடிக்க வேண்டும். புண்ணியத்தலத்தில் பாய் சுமந்து நடந்தேன்.

என்னோடு ஆடியவர் உள்ளூர்க்காரர், ஓய்வுபெற்ற தபால்காரர். உள்ளூர் மக்களுக்கான மலிவான ஆண்டுச் சீட்டு அவரிடம் இருந்தது. முதல் அடிக்கு நான் மட்டையை ஓங்கியபோது தள்ளுவண்டியோடு ஒரு அம்மா சாலையைக் கடந்தார். நான் நிறுத்தினேன். அவர் அவசரப்படவே இல்லை. தபால்காரரும் அவசரப்படவில்லை. எனக்குப் பிடித்தது அதுதான். உலகப் புகழ்பெற்ற ஆட்டம் ஒரு தள்ளுவண்டிக்காகக் காத்திருந்தது.

காற்று பேய்க்காற்று. பதினான்காம் குழியில் நரகம் என்றே பெயர் வைத்த மணற்பள்ளத்தில் விழுந்து நான்கு அடி அடித்து ஏறினேன். கணக்கு நூறைத் தாண்டியது, சொல்ல வெட்கமில்லை.

நண்பா, இதெல்லாம் கேட்டு நான் மயங்கிவிட்டேன் என்று நினைக்காதே. இங்கேயும் அழுக்கு உண்டு. 1867இல் பெண்களுக்கென்று தனியாக ஒரு கிளப் தொடங்கியபோது அவர்களுக்குக் கிடைத்தது பந்தை மெல்ல உருட்டி ஆடும் ஒரு மேடுபள்ளப் புல்திட்டு மட்டுமே. பெண் மட்டையைத் தோளுக்கு மேலே ஓங்குவது அக்காலத்து மரியாதைக்கு இழுக்காம். பக்கத்துக் கட்டடத்து ஆர் அண்ட் ஏ கிளப் பெண்களை உறுப்பினராக்க வாக்களித்தது 2014இல். எண்ணிப்பார், 147 வருடம். அந்த 300 பவுண்டும் ஒரு சுவர்தான். கண்ணுக்குத் தெரியாத சுவர்.

கண்ணுக்குத் தெரியும் நாசத்துக்கு வடக்கே போக வேண்டும். அபர்டீன் அருகே மெனியில் டொனால்ட் ட்ரம்ப் கடலோர மைதானம் கட்ட விரும்பினார். இடம், சட்டப் பாதுகாப்பில் இருந்த நகரும் மணல்மேடுகள். 2007இல் உள்ளூர் மன்றத்தின் குழு மறுத்தது. 2008இல் ஸ்காட்லாந்து அரசு அனுமதித்தது. 2012இல் மைதானம் திறந்தது. நகர்ந்துகொண்டிருந்த மணலைப் புல் நட்டு நிறுத்திவிட்டார்கள். 2020 டிசம்பரில், இனி இங்கே காக்க எதுவும் மிச்சமில்லை என்ற பொருளில் அந்தப் பகுதியின் பாதுகாப்புத் தகுதியே நீக்கப்பட்டது. அதற்கும் அவர்கள் வைத்த பெயர் லிங்க்ஸ்தான். மணல் பாட்டுக்கு மணலாக இருந்ததால் பிறந்த ஆட்டத்தின் பெயரைச் சொல்லியே மணலைக் கொன்றார்கள்.

ஆகவே உன் கோபத்தின் குறி தப்பியிருக்கிறது என்கிறேன். நீ ஆட்டத்தைத் திட்டும்போது சுவர் கட்டியவன் சந்தோஷமாகச் சிரிக்கிறான். 'ஆமாம், இது எங்கள் ஆட்டம்தான்' என்கிறான். அறுநூறு வருடமாகத் தபால்காரர்களும் செருப்புத் தைப்பவர்களும் ஆடிய ஒன்றை நீயே அவனுக்குப் பட்டா போட்டுக் கொடுக்கிறாய். ஆயிரக்கணக்கில் செலவழித்து வந்து, கல்பாலத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு, அந்த நிலம் யாருடையது என்று ஒருமுறைகூடக் கேட்காமல் போகும் கோல்ஃப் பக்தனும் அதையேதான் செய்கிறான். உங்கள் இருவருக்கும் சண்டையே இல்லை.

2003ஆம் ஆண்டுச் சட்டப்படி ஸ்காட்லாந்தில் எந்த கோல்ஃப் மைதானத்தையும், ஆடுபவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல், யாரும் நடந்து கடக்கலாம். மெனிக்கும் அது பொருந்தும். ஆனால் கடந்துபோவது வேறு, உட்கார்ந்து ரொட்டி தின்பது வேறு. எனவே எந்த மைதானத்தைப் பற்றியும் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாட்டி அங்கே நாயோடு வரலாமா?

சுற்று முடிந்து தபால்காரர் கைகுலுக்கினார். அடுத்து எப்போது வருவாய் என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை என்றேன். முதலில் புரியாமல் பார்த்தார், பிறகு சிரித்தார். நண்பா, நீயும் வா. மட்டை வேண்டாம், டிக்கெட் வேண்டாம். டீ ஃபிளாஸ்க் எடுத்துக்கொண்டு வா.