ஃபிரிட்ஜுக்கு அடியில் தண்ணீர்... கேஸ் கசிகிறதா?

கேள்வி: ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ், வாங்கி ஆறு வருடம் ஆகிறது. ஒரு மாதமாகக் காய்கறி டப்பாவுக்கு அடியில் தண்ணீர் தேங்கி, தரைக்கும் வழிகிறது. மாமியார் வழுக்கி விழப் பார்த்தார். மெக்கானிக், ‘கேஸ் கசிகிறது. 3,000 ரூபாய் ஆகும்’ என்கிறார். நாட்டுக்கோழிகளுக்கான தடுப்பு மருந்தும் அதில்தான் இருக்கிறது. என்ன செய்வது?

- வாசகி, மன்னார்குடி.

பதில்: அவசரப்பட்டுப் பணம் கொடுத்துவிடாதீர்கள், சகோதரி. ஃபிரிட்ஜுக்குள் ஓடும் கேஸ் தண்ணீராக வடியாது. கேஸ் போனால் குளிர் குறையும், ஐஸ் கட்டாது, பால் புளித்துப்போகும். உங்கள் வீட்டில் குளிர் முன்போலவே இருக்கிறது என்றால், கோளாறு பெரும்பாலும் தண்ணீர் வடியும் பாதையில்தான்.

ஃப்ரீசரில் படியும் பனி உருகினால், கீழே உள்ள தட்டில் விழுந்து, உள்பக்கப் பின்சுவரில் இருக்கும் சிறு துளை வழியாக வெளியேறும். பின்னால் கம்ப்ரஸருக்கு மேல் இருக்கும் தட்டில் சேர்ந்து, அந்தச் சூட்டிலேயே ஆவியாகிவிடும். கொத்தமல்லித் தழையோ, கறிவேப்பிலையோ துளையில் சிக்கினால் போதும், தண்ணீர் உள்ளேயே நிற்கும். நம் வயல் வடிகால் அடைத்தால் நடப்பதுதான் இங்கேயும்.

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று ஃபிரிட்ஜைத் தொடவே கூடாது. மூன்று பின் பிளக் இருந்தும் எர்த் கம்பி எங்கும் போய்ச் சேராத வீடுகள் கிராமங்களில் உண்டு. கதவைத் தொடும்போது லேசாகச் சுருக்கென்றாலும் எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சரிசெய்த பிறகுதான் மற்ற வேலை.

பனி தானாக உருகட்டும். கத்தியால் சுரண்டினால் குழாயில் ஓட்டை விழுந்து, இல்லாத கேஸ் கசிவு நிஜமாகவே வந்துவிடும். இப்போது வரும் பல ஃபிரிட்ஜ்களில் உள்ள கேஸ் தீப்பிடிக்கக்கூடியதும்கூட. பிறகு, சொட்டுநீர்ப் பாசனத்துக்குப் போடும் மைக்ரோ டியூப் துண்டு ஒன்றைத் துளைக்குள் மெதுவாக விட்டு எடுங்கள். கம்பி வேண்டாம். ஊசி இல்லாத புது சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீரை எடுத்து இரண்டு மூன்று முறை பீய்ச்சுங்கள். பின்தட்டுக்குத் தண்ணீர் வந்தால் அடைப்பு நீங்கிவிட்டது. அந்தத் தட்டு விரிசல் விட்டிருக்கிறதா, நகர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். மழைக்காலத்தில் அது நிரம்பி வழிவதும் உண்டு; கழுவிக் கவிழ்த்துவிட்டு மறுபடி பொருத்தினால் சரி.

கதவு ரப்பரையும் சோதியுங்கள். பத்து ரூபாய் நோட்டை நடுவே வைத்துக் கதவைச் சாத்தி இழுத்தால் இறுக்கமாக வர வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால், வெளிக்காற்றின் ஈரம் உள்ளே போய்ப் பனியாகிறது. சூட்டோடு குழம்பை மூடாமல் உள்ளே வைத்தாலும் இதே கதைதான்.

கோழி மருந்துக்கு 2 முதல் 8 டிகிரி குளிர் வேண்டும். வேலை முடியும் வரை பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் கொடுத்து வையுங்கள். கதவில் வேண்டாம், திறந்து மூடுவதில் சூடேறும்; நடுத்தட்டில் வைக்கச் சொல்லுங்கள்.

இத்தனையும் செய்த பிறகும் குளிரே இல்லை என்றால் மெக்கானிக்கை அழைக்கலாம். கசிவு எந்த இடத்தில் என்று காட்டச் சொல்லிவிட்டுப் பணத்தைப் பேசுங்கள்.