குறுக்கே வந்தது யாரு?

செமஸ்டர் ஜுரம் ஏறியாச்சா? நாம படிக்கிறோமோ இல்லையோ, இந்த சீஸன்ல வீட்டு சகுன டிபார்ட்மென்ட் ஃபுல் ஃபார்முல இருக்கும். கிளம்பும்போது யாராவது ஒத்தைத் தும்மல் போட்டா, உட்கார்ந்து ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுத்தான் எழுந்திருக்கணும். ‘எங்கே போறே?’ன்னு யாரும் கேட்டுடக் கூடாது. நாமும் ‘போறேன்’னு சொல்லக் கூடாது, ‘போயிட்டு வர்றேன்’தான். பூனைக்கு மட்டும் இந்த ரூல்ஸ் எதுவும் தெரியாது. மயிலாப்பூர் மாட வீதிப் பூனைங்க ஒரு நாளைக்கு எத்தனை பேர் கேரியரை காலி பண்ணுதுங்களோ!

எல்லாத்துக்கும் தலைவர் ராகு காலம். தினசரி காலண்டரைக் கிழிக்கும்போதே கண்ணுல படுமே, அந்த ஒன்றரை மணி நேரம். அது எங்கேருந்து வருதுன்னு என்னிக்காவது யோசிச்சிருக்கீங்களா? சிம்பிள் கணக்குதான் பாஸ். பகலை எட்டுப் பங்கா பிரிக்கணும். காலை 6 முதல் மாலை 6 வரை பகல்னு வெச்சுக்கிட்டா, ஒரு பங்கு ஒன்றரை மணி. முதல் பங்கு எந்தக் கிழமைக்கும் ராகு காலம் கிடையாது. ரெண்டாவது பங்கு திங்கட்கிழமைக்கு, அதாவது 7.30 முதல் 9. அப்புறம் வரிசையா சனி, வெள்ளி, புதன், வியாழன், செவ்வாய், ஞாயிறு. ‘திருவிழாச் சந்தையில் வெளியில் புகுந்து விளையாடச் செல்வது ஞாயமா?’ன்னு பெரியவங்க ஒரு வாக்கியம் சொல்வாங்களே, அந்த முதல் எழுத்துகள்தான் இந்த வரிசை. நம்ம ஃபார்முலா மனப்பாடத்துக்கெல்லாம் இதுதான் தாத்தா!

இங்கேதான் ஒரு சிக்கல். சென்னையில சூரியன் தினமும் கரெக்டா 6 மணிக்கு டியூட்டிக்கு வர்றது இல்லை. ஜூன் தொடக்கத்துல சுமார் 5.40-க்கே வந்துடும், ஜனவரி கடைசியில 6.35 ஆகிடும். நிஜ உதயத்தை வெச்சுக் கணக்குப் போட்டா, திங்கட்கிழமை ராகு காலம் ஜூன்ல சுமார் 7.20-க்கே ஆரம்பிக்குது, ஜனவரியில எட்டு மணிக்கு. காலண்டரை நம்பி 7.25-க்கு அவசரமா கிளம்பினவங்க ஜூன்ல நேரா ராகு வாயிலதான்! பெரியார் இயக்கத்துக்காரங்க வேணும்னே ராகு காலத்துல கல்யாணம் பண்ணி வெச்சாங்க. அந்த சுயமரியாதைத் திருமணங்களுக்கு அண்ணா ஆட்சி 1967-ல சட்டத் திருத்தம் கொண்டு வந்து அங்கீகாரமும் கொடுத்தது.

இதையெல்லாம் ஜாலியாத்தான் எழுதறேன். யாராவது ராகு காலம் பார்த்து அரை மணி லேட்டா கிளம்பினா, நஷ்டம் அவங்களுக்கு மட்டும்தான். தி.நகர் கடை வாசல்ல தொங்குற திருஷ்டிப் பூசணியும் தொங்கிட்டுப் போகட்டும் (ரோட்டுல உடைச்சுட்டுப் போகாதவரைக்கும், டூ வீலர்ல போறவங்களுக்குத் தெரியும் அந்த வழுக்கல்).

எனக்கு உறுத்துறது வேற. ‘தன் மூக்கை அறுத்துக்கிட்டு எதிரிக்கு சகுனத்தடை’ன்னு ஒரு பழமொழி இருக்கு இல்லையா? முட்டாள்தனத்தைக் கிண்டல் பண்றதுக்குச் சொல்றோம். ஆனா கொஞ்சம் யோசிங்க. மூக்கில்லாதவன் எதிரே வந்தா காரியம் கெட்டுப்போகும்னு ஊரே நம்பினாத்தானே இந்தப் பழமொழி வேலை செய்யும்? பாவம், மூக்கு போனது அவனுக்கு. அதிர்ஷ்டம் போயிடுமோங்கிற பயம் பார்க்கிறவனுக்கு! அடிபட்டவன் யாரோ அவனையே அபசகுனம் ஆக்குற கணக்கு இது.

அந்தக் கணக்கு எங்க வீட்டுலயும் ஓடுது. எக்ஸாம் அன்னிக்கு எங்க பாட்டி அஞ்சு மணிக்கே எழுந்து இட்லி ஊத்தி, எனக்குப் பிடிச்ச காரச் சட்னி அரைச்சு வெச்சிடுவாங்க. நான் ஷூ மாட்டுற நேரத்துக்கு ஆளைக் காணோம்! பின்பக்க பால்கனியில துணி மடிச்சுட்டு இருப்பாங்க. தாத்தா இறந்ததுலேருந்து இப்படித்தான். “யாரும்மா சொன்னது?”ன்னு அம்மாகிட்ட கேட்டேன். “யாருமே சொல்லலைடா, அவங்களாவே போயிடுவாங்க” என்றார் அம்மா. யாராவது சொல்லியிருந்தாகூட சண்டை போடலாம். யாரும் சொல்லாததை எப்படி எதிர்க்கறது?

இதே மயிலாப்பூர்ல 1886-ல பிறந்தவர் சகோதரி சுப்புலட்சுமி. சின்ன வயசுலயே கல்யாணம், சீக்கிரமே கணவர் மரணம். அந்தக் கால வழக்கப்படி அவர் பின்கட்டுலயே முடங்கியிருக்கணும். வீட்டுல படிக்க வெச்சாங்க. 1911-ல பிரசிடென்சி காலேஜ்ல பட்டம் வாங்கினார். சென்னை மாகாணத்துல பட்டம் பெற்ற முதல் இந்து விதவை அவர்தான். அப்புறம் தன்னை மாதிரி குழந்தை விதவைகளைத் தேடிச் சேர்த்து, தங்க வெச்சுப் படிக்க வெச்சார். மெரினா எதிர்ல இருக்கிற ஐஸ் ஹவுஸ், அதாவது இன்னிக்கு விவேகானந்தர் இல்லம், அங்கேதான் அந்தப் பொண்ணுங்க தங்கிப் படிச்சாங்க. டீச்சர் வேலைக்கும் போனாங்க. தினமும் காலையில ஒரு க்ளாஸ் முழுக்க அந்த முகத்துலதானே முழிச்சிருக்கும்? அந்தப் பிள்ளைங்க படிக்காமயா போயிட்டாங்க? 1956-ல மயிலாப்பூர்ல வித்யா மந்திர் ஸ்கூல் தொடங்கினதுலயும் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

இந்தக் கதையைப் பாட்டிகிட்ட சொன்னேன். கவனமா கேட்டுட்டு, “அவங்க படிச்சவங்க கண்ணு”ன்னு சொல்லி கீரையை ஆய ஆரம்பிச்சுட்டாங்க.

வர்ற திங்கட்கிழமை டி.எஸ்.பி. பேப்பர். காலையில எட்டு மணிக்குக் கிளம்பணும். காலண்டர்படி அசல் ராகு காலம்! டிபன் டப்பாவை வாசல்ல நின்னு நீங்கதான் கையில தரணும்னு பாட்டிகிட்ட சொல்லி வெச்சிருக்கேன். “பார்க்கலாம்”னு சொன்னாங்க. போன செமஸ்டர்ல “அதெல்லாம் முடியாது போடா”ன்னாங்க.