கூரையிலே வெயில், வீட்டிலே ஏன் கரண்ட் இல்லை?

வீட்டுக்குள் விஞ்ஞானம்



2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. பகல் பதினொரு மணி தாண்டியிருக்கும். நாடு முழுவதும் ஒரேயடியாக மின்சாரம் நின்று போனது உங்களுக்கு நினைவிருக்கும். பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலை என்று சொன்னார்கள். நாமும் சிரித்துக் கொண்டோம்.

அன்று நான் சாச்சி வீட்டில் இருந்தேன். அவருடைய கூரை நிறையச் சூரிய மின்தகடுகள். மகன் வெளிநாட்டில் உழைத்து அனுப்பிய பணத்தில் போட்டவை. "இனி எங்களுக்குக் கரண்ட் பில்லும் இல்லை, கரண்ட் கட்டும் இல்லை" என்று சாச்சி பெருமையாகச் சொல்லி வந்தார். ஆனால் அன்று ஊரெல்லாம் நின்றபோது அவர் வீட்டு மின்விசிறியும் நின்றது.

"என்ன மகள் இது? மேல வெயில் கொளுத்துது. உள்ளுக்கு ஒரு ஃபேன் கூடச் சுத்துது இல்லையே! ஃபிரிட்ஜுக்குள்ள சாச்சாட இன்சுலின் வேற இருக்கு" என்று பதறிப் போனார்.

தகடு பொருத்தியவருக்குத் தொலைபேசி எடுத்தோம். "பழுது ஒன்றும் இல்லை, அது அப்படித்தான்" என்று சொல்லி வைத்துவிட்டார். இலட்சக் கணக்கில் பணம் வாங்கும்போது இந்த "அப்படித்தான்" என்பதை யாரும் சாச்சிக்குச் சொல்லவில்லை. அது ஏன் என்பதைத்தான் இம்முறை பார்க்கப் போகிறோம்.

தகட்டை விடப் பெட்டியே முக்கியம்

சூரியத் தகடு தருவது நேரோட்டம். டோர்ச் பற்றரியில் உள்ளது போல ஒரே திசையில் ஓடும் மின்சாரம். நம் வீட்டுக்கு வயரில் வருவதோ ஆடலோட்டம். 230 வோல்ற்று அளவில், செக்கனுக்கு 50 தடவை அலை போல முன்னும் பின்னும் ஆடி வருவது. முன்னதைப் பின்னதாக மாற்றுவதுதான் சுவரில் மாட்டியிருக்கும் இன்வேர்ட்டர் என்ற பெட்டி. போன் சார்ஜர் செய்வது இதற்கு நேர் எதிரான வேலை.

இன்வேர்ட்டருக்குள் இருக்கும் மின்னணுச் சுவிட்சுகள் செக்கனுக்குப் பல ஆயிரம் தடவை திறந்து மூடுகின்றன. நேரோட்டத்தை அகலமும் ஒடுக்கமுமான துண்டுகளாக வெட்டி, கம்பிச் சுருளின் வழியாக அனுப்பும்போது அது வழுவழுப்பான அலையாகி வெளியே வருகிறது.

ஏன் தானாக நின்றது?

சாச்சி வீட்டில் உள்ளது பற்றரி இல்லாத, வெளி மின்கம்பியோடு சேர்ந்து வேலை செய்யும் வகை. 2010ஆம் ஆண்டளவில் மின்சாரத்தைக் கொடுத்து வாங்கும் மீற்றர் முறை நம் நாட்டுக்கு வந்த பின்னர் வீடுகளில் அதிகம் பொருத்தப்பட்டது இந்த வகைதான். வெளியிலிருந்து வரும் அலையைப் பார்த்து, அதற்கு ஒத்தபடியே இது தன் அலையை அனுப்புகிறது. வெளி அலை நின்றால் ஓரிரு செக்கனுக்குள் தானும் நின்றுவிட வேண்டும். அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள்.

காரணம் ஓர் உயிர். கரண்ட் நின்றதும் மின்சார ஊழியர் ஒருவர் கம்பத்தில் ஏறுகிறார். கம்பி செத்திருக்கிறது என்று நம்பிக் கை வைக்கிறார். அந்த நேரம் நம் கூரையிலிருந்து மின்சாரம் வெளியே போனால் என்ன ஆகும்? மின்மாற்றி இரண்டு பக்கமும் வேலை செய்யும். வழமையில் 11,000 வோல்ற்றை வீட்டுக்கு ஏற்றபடி குறைத்துத் தருவது, பின்பக்கமாகப் போகும் நம் 230 வோல்ற்றை அதேபோல் 11,000 ஆக உயர்த்திவிடும். கம்பத்தில் நிற்பவரும் ஒரு வீட்டின் வாப்பா அல்லவா?

சிலர் கரண்ட் கட் நேரத்தில் ஜெனரேட்டர் வயரை வீட்டுப் பிளக்கில் செருகிவிடுகிறார்கள். அதிலும் இதே ஆபத்து உண்டு. வெளிக் கம்பி, ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டுமே வீட்டோடு இணைக்கும் சுவிட்சை மின்பணியாளரைக் கொண்டு பூட்டாமல் இதைச் செய்யவே கூடாது.

ஒரு குரங்கால் நாடே இருளுமா?

தையல் மெஷினின் சக்கரத்தைப் பாருங்கள். காலை எடுத்த பிறகும் அது சற்று நேரம் சுற்றும். தடித்த துணி வந்தாலும் உடனே நிற்காது. நீர், நிலக்கரி மின்நிலையங்களில் சுற்றும் பாரமான இயந்திரங்களும் இப்படித்தான். எங்கோ ஒரு பழுது வந்தால், அந்தச் சுழற்சி சில செக்கன்கள் தாக்குப் பிடித்து நாட்டைக் காக்கிறது.

சாதாரண சூரிய இன்வேர்ட்டரில் சுற்றும் சக்கரம் ஒன்றும் இல்லை. அந்த ஞாயிறு பகலில் கந்தோர்கள் மூடியிருந்ததால் மின்பாவனை குறைவு, வெயிலோ அதிகம். சூரிய மின்சாரத்தின் பங்கு கூடி, சுற்றும் இயந்திரங்களின் பங்கு குறைந்திருந்த வேளையில் அடி விழுந்தது. அதனால்தான் 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில், பிற்பகல் 3 மணி வரை கூரைச் சூரிய மின்சாரத்தை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டுக் கொண்டது. சூரிய மின்சாரம் கெட்டது என்பதல்ல இதன் பொருள். பகலில் மிஞ்சுவதைச் சேமிக்கும் பற்றரியும், வலையமைப்பைத் தாங்கிப் பிடிக்கக்கூடிய புதுவகை இன்வேர்ட்டர்களும் அதனோடு சேர வேண்டும் என்பதே.

இதன் சிறிய உருவத்தை நம் ஒழுங்கையிலும் காணலாம். பல கூரைகள் ஒரே நேரம் மின்சாரத்தைத் தள்ளும் உச்சி வெயிலில் கம்பியின் மின்னழுத்தம் உயர்ந்துவிடும். அளவு மீறினால் இன்வேர்ட்டர் தானாக விலகிக் கொள்ளும். நல்ல வெயிலிலும் யூனிட் குறைந்தால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். மின்சார அலுவலகத்துக்கு அறிவியுங்கள். பெட்டியின் பாதுகாப்பு அளவை மாற்றித் தருகிறேன் என்று யாராவது வந்தால் சம்மதிக்க வேண்டாம்.

வாங்கும் முன் கேளுங்கள்

வீட்டு ஆண்கள்தான் விலை பேசுவார்கள். ஆனால் அதோடு நாளெல்லாம் இருக்கப் போவது நாம். ஆகவே நாமும் சில கேள்விகள் கேட்போம்.

1. கரண்ட் நின்றால் இது வேலை செய்யுமா? பற்றரியோடு சேர்ந்த ஹைபிரிட் வகை, வெளிக் கம்பியிலிருந்து தன்னைத் துண்டித்துக் கொண்டு வீட்டுக்கு மட்டும் தரக்கூடியது. எந்தெந்தப் பிளக்குகளுக்குத் தரும் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

2. இது தரும் அலை சுத்தமானதா? விலை குறைந்த சில பெட்டிகள் வளைந்த அலைக்குப் பதில் படிக்கட்டுப் போன்ற அலையைத் தரும். மின்குமிழ் எரியும். ஆனால் மின்விசிறி முனகும். ஃபிரிட்ஜின் மோட்டார் சூடேறும். ஃபிரிட்ஜ் உள்ள வீட்டுக்குச் சுத்தமான சைன் அலை தரும் பெட்டியே நல்லது.

3. ஃபிரிட்ஜைத் தொடக்கும் வலு இருக்கிறதா? மோட்டார் கிளம்பும் கணத்தில் வழமையை விடப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். அந்த இழுவையைப் பெட்டி தாங்க வேண்டும்.

4. எவ்வளவு நேரம் வரும்? கணக்கு இலேசானது. 12 வோல்ற்று, 100 அம்பியர்-மணி பற்றரியில் 1200 வாற்று-மணி உண்டு. ஈயப் பற்றரியில் பாதியை மட்டும் எடுத்தால்தான் அது நெடுநாள் உழைக்கும். ஆக 600. ஒரு மின்விசிறிக்கு 60 வாற்று, 9 வாற்று மின்குமிழ் இரண்டு, மொத்தம் 78. பெட்டி தனக்கு எடுப்பது போக ஆறேழு மணி நேரம் வரும். ஆனால் 1000 வாற்று ஸ்திரிக்கைப் பெட்டியைப் போட்டால் அரை மணியில் எல்லாம் முடிந்துவிடும்.

5. எங்கே வைப்பது? இன்வேர்ட்டரின் மேல் துணி போடாதீர்கள். அடுப்படிச் சூட்டில் வைக்காதீர்கள். ஈயப் பற்றரியை ஏற்றும்போது தீப்பற்றும் வாயு வெளிவரும். காற்றோட்டமுள்ள இடத்தில், பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். மூடியைக் கழற்றிப் பார்க்கவே வேண்டாம். சுவிட்சை அணைத்த பின்னும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். வெயில் இருக்கும் வரை தகட்டு வயரிலும் மின்சாரம் இருக்கும்.

அன்று சாச்சாவின் இன்சுலினுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஃபிரிட்ஜ் கதவைத் திறக்காமல் வைத்தால் நான்கு மணி நேரமளவு குளிர் நிற்கும் என்று சொல்லி, பிள்ளைகளை அந்தப் பக்கமே போகவிடவில்லை. பின்னர் சாச்சி ஹைபிரிட் பெட்டி ஒன்றை மாற்றிக் கொண்டார். ஃபிரிட்ஜ், ஒரு மின்விசிறி, இரண்டு மின்குமிழ்களுக்கு மட்டும்.

"கம்பத்தில ஏறுற பிள்ளைக்கும் ஒன்றும் ஆகாதே மகள்?" என்று பொருத்துகிற அன்றும் ஒரு தடவை கேட்டார். ஆகாது என்று உறுதி வாங்கிய பிறகுதான் அவருக்கு மனம் ஆறியது.