கால்வாசிப் பேர்

உழவர் உற்பத்தியாளர் கம்பெனின்னு ஊருக்கு ஊர் இப்போ இருக்கிறது, கேள்விப்பட்டிருப்பீர்கள். விவசாயிகளே பங்கு போட்டு, விவசாயிகளே நடத்துகிற கம்பெனி. நானும் ஒன்றில் உறுப்பினர். அதன் பொதுக்கூட்டம் பெரும்பாலும் புரட்டாசியில்தான் வரும். செப்டம்பருக்குள் முடிக்கணும்னு ஆடிட்டர் சொல்லிவிடுவார். நாங்கள் மழையைப் பார்த்து கொள்ளு விதைக்கிறதும், மஞ்சளுக்கு மண் அணைக்கிறதும் அப்போதான். ஆள் எங்கிருந்து வரும்?

ஆள் வந்தால்தான் கூட்டம் செல்லும். அதுக்குப் பேர் கோரம். சர்க்கார் தமிழில் குறைவெண் வரம்பு. (எங்க ஊர்ப் பெரியவர் ஒருத்தர், "கோரமா? பேரே நல்லால்லியே" என்றார்.)

நீங்க ஷேர் வாங்கி வச்சிருக்கிற பெரிய கம்பெனிக்கு லட்சம் பங்குதாரர் இருந்தாலும் 30 பேர் நேரில் வந்தால் கோரம் ஆயிடுச்சு. 2013 கம்பெனிச் சட்டத்தில் அப்படித்தான் இருக்கு. அந்த 30 பேரும் வராவிட்டால் அடுத்த வாரம் அதே கிழமை, அதே நேரம் கூடலாம். அன்றைக்கு வந்தவங்களே போதும். எங்களுக்கோ மொத்த உறுப்பினரில் நாலில் ஒரு பங்கு வரணும். ஆயிரம் பேர் இருந்தால் 250 பேர்.

இதைக் குறைக்கணும்னு டைரக்டர்கள் சிலர் சொல்றாங்க. எனக்கு அதில் சம்மதமில்லை. பெரிய கம்பெனியில் பங்குக்குத்தான் ஓட்டு. எங்களிடம் பத்து பங்கு வச்சிருந்தாலும் நூறு பங்கு வச்சிருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டுதான். ஆளை வைத்து நடக்கிற கம்பெனியில் ஆளை எண்ணாமல் வேறு எதை எண்ணுவது?

ஆனால் நடக்கிறது என்ன? கூட்டத்துக்கு அப்புறம் கையெழுத்து நோட்டு பைக்கில் ஏறி வீடு வீடாக வருது. பால் கறந்துகிட்டிருக்கிற அம்மா கையைத் துடைச்சிட்டு ஒரு கையெழுத்து. கோரம் சரியாயிடுச்சு. எங்க கம்பெனியில் ஒரு வருசம் லாபத்தை உறுப்பினர்களுக்குப் பிரிச்சுக் கொடுக்காமல் வேற செலவுக்கு எடுத்துக்கிட்டாங்க. மஞ்சள் போட்டவங்க ஆபீசில் போய்க் கேட்டாங்க. "நீங்களும் வந்து சம்மதிச்சுத்தானே கையெழுத்துப் போட்டிருக்கீங்க" என்று நோட்டைத் திருப்பிக் காட்டினார்கள். அன்றைக்கு அவர்கள் காட்டில் இருந்தவர்கள்.

இப்போ படிச்ச பசங்க, "செல்லிலேயே ஓட்டுப் போட்டுடலாமே" என்கிறார்கள். ஷேர் மார்க்கெட் கம்பெனிகளில் அது ரொம்ப நாளாக இருக்கு. கொரோனா வந்த 2020இல் இருந்து வீடியோவில் கூட்டமே நடத்துகிறார்கள். திருப்பூருக்கு பனியன் வேலைக்குப் போனவருக்கு, நடக்க முடியாத வயசாளிக்கு இது நல்லதுதான், மறுக்கவில்லை. என் சந்தேகமெல்லாம் அந்த செல் யார் கையில் இருக்கு என்பதுதான். உறுப்பினர் பட்டியலில் இருக்கிற நம்பரை ஒரு நாள் எடுத்துப் பாருங்க. அப்பா பேருக்கு மகன் நம்பர், பெண்டாட்டி பேருக்குப் புருசன் நம்பர், கிழவிக்கு மளிகைக் கடைக்காரர் நம்பர். நோட்டு கொண்டுவந்த அதே ஆள் நாளைக்கு, "ஓடிபி சொல்லுங்கம்மா" என்று வாசலில் நிற்பார். கையெழுத்தாவது கோணலாக இருந்தால் கண்டுபிடிக்கலாம்.

இன்னொன்றும் இருக்கு. ஓட்டு கடைசியில்தானே. அதுக்கு முன்னாடி ஒருத்தர் எழுந்து, "சாக்குக்கு மட்டும் இவ்வளவு செலவா?" என்று கேட்பார். பக்கத்தில் இருக்கிறவருக்கும் அப்போதான் உறைக்கும். பட்டனை அமுக்குகிறவருக்கு அந்தக் கேள்வி காதில் விழாது. பதினாலு நாளுக்கு முன்னாடி கணக்கோடு நோட்டீஸ் தரணும்னு சட்டம் இருக்கு. எனக்கு வருகிற நோட்டீஸ் இங்கிலீஷில் இருக்கிறது. என் பத்தாங்கிளாஸ் அதுக்குப் பத்தலை.

பால் சொசைட்டி வாசலில் தினம் காலையில் ஊரே நிற்கிறது. கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னாடி அங்கே வந்து கணக்கைத் தமிழில் வாசிக்கலாம். அதைக் கேட்டவர் பாதிப் பேராவது மண்டபத்துக்கு வருவார். வெளியூரில் இருப்பவர் தன் சொந்த நம்பரில் இருந்து, டைரக்டர் தேர்தலுக்கும் பெரிய செலவுக்கும் மட்டும் ஓட்டுப் போடட்டும். ஆனால் அவரைக் கோரத்தில் சேர்க்கக் கூடாது. அந்தக் கால்வாசி நேரில் வந்த தலையாகத்தான் இருக்கணும்.

இந்த வருசக் கூட்டத்துக்கு முன்னாடி ஒன்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். கையெழுத்து நோட்டு மண்டபத்தை விட்டு வெளியே போகக்கூடாது, கூட்டம் முடிந்ததும் கடைசிக் கையெழுத்துக்குக் கீழே எல்லார் முன்னாடியும் கோடு போட்டுடணும். இன்னும் பதில் வரவில்லை.