ஸ்டியரிங் நடுங்கினால்



1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் மாநில எல்லை வகுக்கப்பட்டபோது விளவங்கோடு தாலுகா அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தது. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் குடியிருக்கும் நம் குடும்பங்கள் பலவற்றுக்கு உழைப்பு எல்லைக்கு இப்புறமும் உற்றார் அப்புறமுமாக வாழ்க்கை அமைந்துள்ளது. திருமணமோ, கோயில் கொடையோ, பொங்கலோ, களியக்காவிளையைக் கடந்து நாகர்கோவில், திருநெல்வேலி, மதுரை எனக் குடும்பத்துடன் கார் ஏறுகிறோம். ஆதலின் காரைப் பற்றிய ஒரு செய்தியை இத்திங்கள் கூற விழைகிறோம்.

உதியன்குளங்கரை, அமரவிளை வழியாகச் செல்லும் பழைய சாலையில் வளைவும் நெரிசலும் மிகுதி. அங்கு நிதானமாகவே செல்ல முடியுமாதலால் வண்டியின் குறை வெளிப்படுவதில்லை. காரோட்டிலிருந்து முக்கோலை வழியாகக் கழக்கூட்டம் செல்லும் நான்கு வழிப் புறவழிச்சாலையிலோ, காவல்கிணற்றுக்கு அப்பால் திருநெல்வேலி செல்லும் சாலையிலோ 80 கிலோமீட்டர் வேகத்தை எட்டியதும் ஸ்டியரிங் கைகளில் நடுங்கத் தொடங்குகிறது.

"மெதுவாக ஓட்டினால் நடுங்கவில்லையே" என்று வாளா இருந்துவிடுவோர் உளர். "அலைன்மெண்ட் இரு முறை பார்த்தாயிற்று, பணம் போனதே தவிரப் பயன் இல்லை" என்று வருந்துவோரும் உளர். இருவரும் செய்யத் தவறியது ஒன்றே. நடுக்கம் எந்த வேகத்தில், எந்த நிலையில் தோன்றுகிறது என்று முதலில் கவனித்தல் வேண்டும். கவனித்தால், பட்டறைக்குப் போகுமுன்பே காரணத்தைப் பெரும்பாலும் ஊகித்துவிடலாம். வீண் செலவும் மிஞ்சும்.

விரைந்து செல்லும்போது மட்டும் நடுங்குவது ஏன்? சிறிய காரின் சக்கரம் 80 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு ஏறத்தாழ 12 முறை சுழல்கிறது. அதன் ஒரு பக்கம் 20 கிராம் மட்டுமே கனத்திருப்பினும், அச்சிறு கனம் அவ்வேகத்தில் ஏறத்தாழ 2 கிலோ பளுவுக்கு ஒப்பான விசையுடன் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி இழுக்கும். வேகம் பாதியாகக் குறைந்தால் விசை கால் பங்காகிவிடும். 40 கிலோமீட்டரில் அமைதியாக இருக்கும் வண்டி 80-இல் அதிர்வதன் காரணம் இதுவே.

இனி, கவனிக்க வேண்டியவற்றை வரிசையாகக் கூறுவோம்.

முதலாவது, சாலை. முக்கோலை முதல் காரோடு வரையுள்ள புறவழிச்சாலை கான்கிரீட்டால் ஆனது. கான்கிரீட் பலகைகளின் இணைப்புகளைக் கடக்கும்போது, தண்டவாள இணைப்பில் ரயில் வண்டி எழுப்பும் ஓசை போலச் சீரான தட்டல் கேட்கும். தார்ச் சாலையில் அதே வேகத்தில் அது மறையுமாயின் குறை காரில் இல்லை.

இரண்டாவது, நடுங்கும் இடம். ஸ்டியரிங்கில் நடுக்கம் தெரிந்தால் முன் சக்கரங்களையும், இருக்கையிலும் தரையிலும் தெரிந்தால் பின் சக்கரங்களையும் முதலில் ஐயுறுக.

மூன்றாவது, நடுங்கும் நேரம். ஒரே சீராகச் செல்லும்போது நடுங்கினால் பெரும்பாலும் சக்கரத்தின் சமநிலைக் குறைவே. வீல் பாலன்சிங் தேவை. பிரேக் மிதிக்கும்போது மட்டும் நடுங்கினால் பிரேக் டிஸ்க் சீரிழந்துள்ளது எனக் கொள்க. ஆக்சிலேட்டரை அழுத்தும்போது நடுங்கி, காலை எடுத்ததும் அடங்கினால், எஞ்சினிலிருந்து சக்கரத்துக்குச் செல்லும் டிரைவ் ஷாஃப்டின் இணைப்புகளைச் சோதிக்க வேண்டும். வண்டி நின்றிருக்கும்போதே அதிர்ந்தால் குறை சக்கரத்தில் அன்று. எஞ்சினையும் அதைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர்களையும் பார்க்க வேண்டும்.

அலைன்மெண்ட் தவறினால் கார் ஒருபுறம் இழுக்கும். டயர் ஓரம் தேயும். அதனால் மட்டும் ஸ்டியரிங் நடுங்குவது அரிது. பாலன்சிங் வேறு, அலைன்மெண்ட் வேறு என்பதை நம்மவர் மனத்திற் கொள்வாராக.

இவற்றைக் குறித்துக்கொண்ட பின், செலவில்லாத சோதனைகளை வீட்டு முற்றத்திலேயே செய்யலாம். நான்கு டயர்களிலும் காற்று சரியான அளவில் உள்ளதா என்று காண்க. உரிய அளவு ஓட்டுநர் கதவின் ஓரத்தில் ஒட்டிய தாளிலோ கையேட்டிலோ இருக்கும். மழைக்காலத்துச் செம்மண் சேறு ரிம்மின் உட்புறம் ஒட்டிக் காய்ந்தாலும் சமநிலை கெடும். நீர் பாய்ச்சிக் கழுவுக. ரிம் ஓரத்தில் பொருத்திய சிறு எடைத்துண்டு விழுந்து, அதன் தடம் மட்டும் எஞ்சியிருக்கிறதா என்று நோக்குக. அண்மையில் பஞ்சர் ஒட்டிய சக்கரமாயின் நட்டுகள் இறுக்கமாக உள்ளனவா என்று உடனே பார்த்தல் மிக அவசியம்.

வளைகுடா நாடுகளில் பணிபுரிந்து விடுமுறைக்கு வரும் அன்பர்களுக்கு ஒரு சொல். மாதக்கணக்கில் அசையாது நின்ற காரின் டயர், தரையில் அழுந்திய இடத்தில் தட்டையாகிவிடும். சில கிலோமீட்டர் ஓடிச் சூடேறியதும் அது சரியானால் நன்று; சரியாகாவிடில் டயரை மாற்றுவதே வழி. டயரின் பக்கத்திலுள்ள நான்கு இலக்கங்கள் அது பிறந்த காலத்தைக் கூறும்: 1821 என்றால் 2021-ஆம் ஆண்டின் 18-ஆவது வாரம். பட்டன் தேயாதிருப்பினும் முதுமையால் ரப்பர் வெடித்திருக்கலாம்.

இவ்வளவிலும் காரணம் தெரியாவிடில், பட்டறையில் முன் சக்கரங்களைப் பின்னும், பின் சக்கரங்களை முன்னும் மாற்றிப் பூட்டச் சொல்லுங்கள். ஸ்டியரிங்கில் இருந்த நடுக்கம் இருக்கைக்கு மாறினால் குறை சக்கரத்திலோ டயரிலோதான். மாறாது ஸ்டியரிங்கிலேயே நின்றால் வீல் பேரிங், பால் ஜாயிண்ட், டை ராட் எண்ட் ஆகியவற்றில் ஆட்டம் உண்டா என்று ஜாக்கியில் உயர்த்திச் சோதிக்கச் சொல்ல வேண்டும். இவ்வரிசையில் சென்றால் சிறு செலவில் தீர்வதற்குப் பெருஞ்செலவு செய்ய நேராது.

ஆனால் சில அறிகுறிகளுக்குப் பொறுமை கூடாது. டயரின் பக்கத்தில் புடைப்பு, உள்ளிருக்கும் நூலோ கம்பியோ தெரிதல், நட்டு தளர்வு, திடீரெனத் தோன்றி நிமிடத்துக்கு நிமிடம் மிகும் நடுக்கம், ஸ்டியரிங்கில் தளர்ச்சி இவற்றுள் ஒன்று காணினும் பயணத்தை நிறுத்துக. விரைந்து செல்கையில் இவ்வாறு நடுங்கினால் பிரேக்கைச் சட்டென மிதியாது, ஸ்டியரிங்கை இறுகப் பற்றி, காலை மெல்ல எடுத்து, வேகம் தணிந்ததும் இடப்புறம் ஒதுங்குக. "திருநெல்வேலி போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்ற எண்ணம் வேண்டா. முன் டயர் வெடித்தாலோ ஒரு பால் ஜாயிண்ட் கழன்றாலோ வண்டி நம் கைவசம் இராது. பின் இருக்கையில் உறங்கும் குழந்தை அதை அறியாது.

பண்டிகைக்கு முந்திய நாள் பட்டறைகளில் கூட்டம் மிகும். வேலையும் அவசரமாகவே நடைபெறும். ஆகவே பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே வண்டியைச் சோதிப்பது நலம். பாலன்சிங் முடிந்ததும் காசு கொடுத்து வந்துவிடாது, நடுக்கம் தோன்றிய அதே வேகத்தில், சாலை விதி இடம் தரும் அளவில், ஒரு முறை ஓட்டிப் பார்த்து மனநிறைவு கொள்க.