நான்கைந்து பேர் இயங்கும் அலுவலகம்

சென்னையின் அபிராமபுரம், மந்தைவெளி, ஆழ்வார்பேட்டை ஆகிய பகுதிகளின் உட்தெருக்களில், பழைய வீடொன்றின் மாடியிலோ முன்னறையிலோ நான்கைந்து பேருடன் இயங்கும் கட்டடக்கலை அலுவலகங்கள், பெரிய நிறுவனங்களில் தனித்தனிப் பிரிவுகள் பகிர்ந்துகொள்ளும் பணிகளை, மனையை அளப்பது முதல் மேஸ்திரிக்கு விளக்கிச் சொல்வது வரை, ஒரே மேசையில் முடிக்கின்றன. ஐந்தாண்டுப் பட்டப்படிப்பை முடித்து வரும் இளையவருக்கு இதைவிடச் சிறந்த பயிற்சிக்களம் இல்லை. தான் வரைந்த கோடு சுவராக எழுவதை அவர் சில மாதங்களிலேயே காண்கிறார்.

தனிவீடுகள் இடிக்கப்பட்டு அடுக்குமாடிகள் எழும் இப்பகுதிகளில், பெரும்பாலான வேலைகள் ஒரு கிரவுண்டு (2,400 சதுர அடி), இரண்டு கிரவுண்டு மனைகளைச் சார்ந்தவை. தளப்பரப்புக் குறியீடு என்பது எல்லாத் தளங்களின் மொத்தப் பரப்பை மனையின் பரப்பால் வகுத்துப் பெறும் எண்; 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் உயர்மாடி அல்லாத கட்டடங்களுக்கு அதைப் பொதுவாக 2 என்று வரையறுப்பதால், உரிமையாளரின் விருப்பத்தை அந்த எண்ணுக்குள்ளும், வாகன நிறுத்தத்தையும் சுற்றிலும் விட வேண்டிய காலியிடத்தையும் மனைக்குள்ளும் அடக்குவதே அலுவலகத்தின் முதல் போராட்டமாகிறது.

ஆயினும் இப்பணியின் நுட்பம் மாடிப்படி போன்ற சிறு இடங்களில்தான் வெளிப்படுகிறது. தளத்துக்குத் தளம் 3 மீட்டர் உயரம் இருந்தால், 150 மில்லிமீட்டர் வீதம் 20 படிகள் என்று கணக்கு எளிதாகவே முடியும்; ஆனால் தளத்தில் டைல்ஸும் அதன் அடியிலுள்ள கலவையும் சேர்ந்து ஏறும் கனம் வேறு, படியின் மேல் கிரானைட் பலகை ஏறும் கனம் வேறு என்பதால், அந்த வேறுபாட்டைக் காங்கிரீட் வரைபடத்திலேயே கழிக்கத் தவறினால் முதற்படியும் கடைசிப்படியும் மற்றவற்றோடு பொருந்தாமல் போய், அவ்வீட்டு முதியவர்கள் இடறுவதற்குக் காரணமாகும். சென்டரிங் பலகை அடிக்கும் நாளன்று நேரில் நின்று அளவெடுப்பவரே இதைக் கற்கிறார்.

இத்தகைய உழைப்புக்கு ஈடான ஊதியம் கிடைப்பதில்லை என்பதே இத்துறையின் பெருங்குறை. 1972ஆம் ஆண்டின் கட்டடக் கலைஞர்கள் சட்டம், பதிவு பெற்றவரே ‘ஆர்க்கிடெக்ட்’ என்னும் பெயரைப் பயன்படுத்தலாம் என்கிறதே தவிர, அப்பணியைப் பிறர் செய்வதைத் தடுக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவுபடுத்தியது. எனவே குறைந்த விலைக்கு வரைபடம் போட்டுத் தருபவர்களோடு இவ்வலுவலகங்கள் போட்டியிட வேண்டியுள்ளது. 1989ஆம் ஆண்டின் தொழில் நடத்தை விதிகள் விளம்பரத்தையும் கட்டுப்படுத்துவதால், முன்னர் வீடு கட்டியவரின் வாய்ச்சொல்லே இவர்களுக்கு அடுத்த வேலையைத் தேடித் தருகிறது. கட்டணமோ கட்டம் கட்டமாக வருவது. அஸ்திவாரத்துக்குப் பின் வேலை நின்றுபோனால் தவணையும் நின்றுவிடும், அந்தச் சுமை இறுதியில் இளையவரின் சம்பளத்தில் போய் விழும்.

ஆகவே வீடு கட்ட முனைவோர், முதல் வரைபடத்தைக் கேட்பதற்கு முன்பே கட்டணத்தையும் தவணைகளையும் எழுத்தில் உறுதிசெய்து உரிய நாளில் செலுத்த வேண்டும். அலுவலகத்தை நடத்துவோரும் வரைபடத்தின் மூலையில் அதை வரைந்த இளையவரின் பெயரையும் சேர்த்து அச்சிட வேண்டும்.